ஒன்றாம் நம்பர் எந்தப் பக்கம்?

அத்தியாயம் 11

சென்ற வாரம் ஜட்ஜய்யா தொலைபேசியில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வைத்தார். அதைக் கேட்ட நம் மாப்பிள்ளை கையிலிருந்த டீயைத் தன் கால் மேலேயே ஊற்றிக்கொண்டார். "அடுத்த ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வரேன், வண்டியை எடுத்துக்கிறேன்" என்பதுதான் அந்த வாக்கியம். கால் ஆறிவிட்டது. மனசுதான் ஆறவில்லை.

இதோ, அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டது.

இந்த வாரம்தான் முதன்முதலாக உள்ளே வருகிறீர்கள் என்றால், உங்களுக்காக ஒரு நிமிடம். ஜட்ஜய்யா ஓய்வுபெற்ற நீதிபதி. அவரிடம் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டே சீட், நாலு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். பெற்ற மகளுக்கு அடுத்தபடியாக அவர் கொஞ்சியது அதைத்தான். (மனைவி அந்த வரிசையில் எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த அம்மாள் இந்தத் தொடரைப் படிக்கிறார்.)

பதினாலு மாதத்துக்கு முன் அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தது. வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காரை மகள் வீட்டு ஷெட்டில் கொண்டுவந்து விட்டு, சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்து, "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி மூணு நிமிஷம் ஓட விடுங்க. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார்.

மாப்பிள்ளைக்கு அந்த "வேற ஒண்ணும்" மட்டும் காதில் விழவில்லை. இத்தனைக்கும் அவர் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளர். காதை வைத்துத்தான் பிழைக்கிறார். அந்தக் காதில் விழுந்தது வேறு. எஞ்சின் ஓடும்போது உள்ளே எங்கோ "டிக் டிக்" என்று ஒரு சத்தம். அதை மட்டும் சரிசெய்து கொடுத்தால் மாமனார் அசந்து போவார் என்று நினைத்தார். மூடியைத் திறந்தார். திறந்தவர் நிறுத்தினாரா? பிஸ்டன், வால்வு, கிராங்க் ஷாஃப்ட் என்று மொத்த எஞ்சினையும் கழற்றிப் போட்டுவிட்டார்.

பிரிக்க மூன்று ஞாயிறு. சேர்க்கப் பதின்மூன்று மாதம்.

இதற்கிடையில் ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்கு ஜட்ஜய்யாவின் தொலைபேசி வந்துவிடும். "ஸ்டார்ட் பண்ணுங்க, கேக்கறேன்" என்பார். நல்லவேளையாக, பிரிப்பதற்கு முன் மாப்பிள்ளை தொழில் பழக்கத்தில் எஞ்சின் சத்தத்தை மூன்று நிமிடம் பதிவு செய்து வைத்திருந்தார். அதை ஓட விட்டு, தொலைபேசியை ஒலிபெருக்கியின் வாயில் காட்டுவார். மறுமுனையில் மாமனார் மூன்று நிமிடமும் மூச்சுவிடாமல் கேட்பார். பிறகு, "சரி, அவகிட்ட குடுங்க" என்று மகளிடம், "சளி இன்னும் விடலையாம்மா?" என்று விசாரிப்பார். இல்லாத சளிக்கு ஏன் அப்பா இப்படி உருகுகிறார் என்று மகளுக்கு விளங்கவே இல்லை. இரண்டு தடவை மருந்துகூட அனுப்பினார்.

இன்று பத்து மணிக்குத் தொலைபேசி வரவில்லை. மாப்பிள்ளை இரண்டு தடவை ரிசீவரைத் தூக்கிப் பார்த்தார்.

எஞ்சின் சேர்ந்தாகிவிட்டது. காருக்குள் இறக்கி, திருகி, எண்ணெய் ஊற்றி, எல்லாம் ஆயிற்று. ஸ்டார்ட் ஆக வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அதுதானே எஞ்சின் வேலை?

டாக்டரம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா என்பது மாப்பிள்ளையின் மனைவி, ஜட்ஜய்யாவின் ஒரே மகள், பல் டாக்டர். கணவர் போல்ட்டுகளையெல்லாம் ஒரே டப்பாவில் கொட்டி வைத்ததைப் பார்த்து முதல் வாரமே கொதித்துப் போனவர்.

"என் கிளினிக்ல ஒரு பல்லைப் பிடுங்கினாக்கூட அது யாரோடது, எந்தப் பல்லுன்னு எழுதி வைப்பேன். நீங்க என்னடான்னா நாப்பது போல்ட்டை ஒண்ணா கொட்டி வச்சிருக்கீங்க. இது டப்பாவா, குப்பைத் தொட்டியா?"

அன்றிலிருந்து கழற்றுவது கணவர், பெயர் எழுதி வைப்பது மனைவி என்று ஆயிற்று. பல் செட் வைக்கும் சின்னப் பெட்டிகளில் ஒவ்வொரு திருகும் தனித்தனியாகக் குடியேறியது. ஒவ்வொரு ஒயருக்கும் கழுத்தில் ஒரு சீட்டு, சீட்டில் அழகான கையெழுத்தில் நம்பர். வால்வுகள் புத்தக அலமாரியில், அகராதிக்குப் பக்கத்தில் எட்டு மாதம் நின்றன. கிராங்க் ஷாஃப்ட் குளியல் தொட்டியில் மண்ணெண்ணெயில் ஊறியபோது, குடும்பமே மூன்று நாள் வாளியில் குளித்தது.

"பண்ணு!" என்றார் மாப்பிள்ளை, எஞ்சின் மேல் குனிந்தபடி.

சாவி திரும்பியது. எஞ்சின் முனகியது, இழுத்தது, ஏதோ சொல்ல வாயெடுத்தது.

"டப்!"

காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டர் வழியாக ஒரு முழம் தீ வெளியே வந்து, மாப்பிள்ளையை விசாரித்துவிட்டு உள்ளே போனது.

"ஐயய்யோ! ஏங்க! முகம்! முகத்தைக் காட்டுங்க!"

"முகம் இருக்கு. புருவம் இருக்கா பாரு."

"பாதி இருக்கு."

"எந்தப் பாதி?"

"அது இப்ப ரொம்ப முக்கியம்!"

மறுபடி. "டப்!" மறுபடி. "டப்!" ஸ்பார்க் பிளக்கில் பொறி வருகிறதா? வருகிறது. பெட்ரோல் வருகிறதா? வருகிறது. பொறி வரவேண்டிய நேரத்துக்கான குறி? புத்தகத்தில் சொன்ன இடத்திலேயே நிற்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் உத்தமமாக இருந்தன. சேர்ந்து வேலை செய் என்றால் மட்டும் முகத்தில் துப்பின. எனக்குத் தெரிந்த சில குடும்பங்கள்கூட இப்படித்தான்.

மதியம் இரண்டு மணிக்கு டாக்டரம்மா காரை விட்டு இறங்கினார்.

"போதும். அப்பா வந்ததும் உண்மையைச் சொல்லிடலாம்."

"சொல்லலாம். ஸ்டார்ட் ஆன பிறகு சொல்லலாம்."

"ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா சொல்லவே மாட்டீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?"

மாப்பிள்ளை துணியில் கையைத் துடைத்தார். துடைத்ததில் கை இன்னும் கறுத்தது. பிறகு, மனைவியைப் பார்க்காமலே பேசினார்.

"இந்த வீட்டுல நான் மாப்பிள்ளையாகி பன்னெண்டு வருஷம் ஆச்சு. உங்கப்பா என்கிட்ட ஒரு யோசனை கேட்டிருப்பாரா? ஒரு வேலை சொல்லியிருப்பாரா? 'நல்லா இருக்கீங்களா'ம்பார், பேப்பரைத் திருப்புவார். முதல் தடவையா நம்பி ஒண்ணைக் குடுத்தார். அதையும் இவன் கெடுத்துட்டான்னு ஆயிடக் கூடாது. அவ்வளவுதான்."

டாக்டரம்மாவுக்குத் திட்ட வேண்டியது நிறைய இருந்தது. ஆனால் அந்தக் கரி பூசிய முகத்தையும் பாதிப் புருவத்தையும் பார்த்ததும் திட்டு வரவில்லை. பாவமாக இருந்தது.

"சரி, ஏறி உக்காரட்டுமா?" என்றார்.

அப்போதுதான் வாசல் மணி அடித்தது. மணி மூன்றுகூட ஆகவில்லை.

"அஞ்சு மணின்னுதானே சொன்னார்!"

"நீங்க இங்கேயே இருங்க. நான் அவரைக் கூடத்துல உக்கார வச்சுப் பேசிட்டிருக்கேன். சத்தம் மட்டும் போடாதீங்க."

வாசலில் ஜட்ஜய்யா. சலவை மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கும் ஷூ. அவரை இறக்கிவிட்ட டாக்சி திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

டாக்டரம்மா அப்பாவுக்கு டீ கொடுத்தார். பிஸ்கட் கொடுத்தார். புதிதாக மாட்டிய திரைச்சீலையைக் காட்டினார். நாற்காலிக்கு உறை மாற்றிய கதையைச் சொன்னார். பல் வலிக்கிறதா என்று கேட்டார். ஜட்ஜய்யா எல்லாவற்றுக்கும் "ம்" என்றார்.

ஷெட்டில் "டப்!"

"என்னம்மா சத்தம்?"

"பக்கத்து வீட்டுல கட்டில் செய்யறாங்கப்பா."

"கட்டில் வெடிக்குமா?"

"பெரிய கட்டில்ப்பா."

நாற்பது வருஷம் எத்தனையோ சாட்சிகளைப் பார்த்தவர், இவ்வளவு மட்டமான சாட்சியத்தைப் பார்த்திருக்க மாட்டார். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வா, உன் வீட்டுக்காரரைப் பாத்துட்டு வரலாம்" என்று ஷெட்டைப் பார்த்து நடந்தார்.

ஷெட் கதவு திறந்தபோது மாப்பிள்ளை எஞ்சினுக்குள் இடுப்புவரை இருந்தார். நிமிர்ந்தார். பானட்டில் தலை இடித்தது.

"வாங்க மாமா! இப்பதான்... சும்மா துடைச்சிட்டிருந்தேன்."

"எதை வச்சு? தீப்பந்தத்தை வச்சா?"

ஜட்ஜய்யா ஒரு பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்திலேயே அது நீதிமன்றம் ஆகிவிட்டது.

"எத்தனை நாளா இப்படி?"

"காலையிலேருந்துதான் மாமா, கொஞ்சம்..."

"மாப்பிள்ளை."

"பதினாலு மாசமா, மாமா."

"தெரியும்."

டாக்டரம்மா கணவரைப் பார்த்தார். கணவர் டாக்டரம்மாவைப் பார்த்தார். நீ சொன்னாயா, நீங்கள் சொன்னீர்களா என்று கண்ணாலேயே ஒரு சண்டை நடந்து முடிந்தது.

"யாரும் சொல்லல" என்றார் ஜட்ஜய்யா. "நீங்க போட்டுக் காட்டுற அந்த எஞ்சின் சத்தம். ரெண்டாவது நிமிஷம் அஞ்சாவது வினாடியில என் பொண்ணு தும்முறா. அம்பத்தெட்டு ஞாயித்துக்கிழமையா, அதே இடத்துல, அதே தும்மல். முதல் மூணு வாரம் நிஜமாவே சளின்னு கவலைப்பட்டேன். நாலாவது வாரம் சந்தேகம் வந்துச்சு. மருந்து அனுப்பிப் பாத்தேன். மருந்து போய்ச் சேந்த அடுத்த வாரமும் வினாடி பிசகாம தும்மினா. அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

வானொலி நிலையத்தில் அறிவிப்பாளர் எச்சில் விழுங்கும் சத்தத்தைக்கூட விடாமல் வெட்டி எடுப்பவர் நம் மாப்பிள்ளை. சொந்த மனைவியின் தும்மலைக் கோட்டை விட்டிருக்கிறார். அந்த நிமிஷம் காருக்கு அடியில் இடமிருந்தால் போய்ப் படுத்திருப்பார்.

"கார் உறையைத் தூக்கினப்ப வந்த தூசி" என்று டாக்டரம்மா முணுமுணுத்தார்.

"அப்பவே ஏன் மாமா கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

ஜட்ஜய்யா சட்டென்று எஞ்சின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அது இருக்கட்டும். ஏன் தீ துப்புது?"

"அதான் மாமா தெரியல. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. ஸ்பார்க் பிளக்குக்குப் போற இந்த நாலு ஒயரை மாட்டினது யாரு?"

"நான்தான்."

"எந்த ஒயர் எதுக்குன்னு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொண்ணுலயும் நம்பர் சீட்டு கட்டியிருக்கு."

"நம்பர் போட்டது?"

"நான்ப்பா. கழட்டும்போதே, ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு வரிசையா. ஒரு தப்பு இருக்காது."

"சரி. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல காட்டுங்க. இதுல ஒண்ணாம் நம்பர் சிலிண்டர் எது?"

இரண்டு கைகள் நீண்டன. மாப்பிள்ளையின் கை ரேடியேட்டரை ஒட்டி, முன்கோடியைக் காட்டியது. டாக்டரம்மாவின் கை டிரைவர் சீட்டை ஒட்டி, பின்கோடியைக் காட்டியது.

இருவரும் திரும்பி மற்றவர் விரலைப் பார்த்தார்கள்.

"அது எப்படி அங்க ஒண்ணாம் நம்பர் வரும்?" என்றார் மாப்பிள்ளை. "முன்னாடியிலேருந்துதானே எண்ணணும்? புத்தகத்துலயே படம் போட்டிருக்கே!"

"வாயைத் திறந்தா ஒண்ணாம் நம்பர் உள்கோடியில இருக்கிற கடைவாய்ப் பல்லுதான்! என் கிளினிக்ல அப்படித்தான் எண்ணுவோம்! பானட்டைத் திறந்தேன், உள்கோடியிலேருந்து எண்ணினேன்!"

"இது வாயா?"

"இவ்வளவு நேரமா துப்புச்சே, வாய் இல்லாம என்ன?"

பதின்மூன்று மாதம் ஒரே ஷெட்டில், ஒரே எஞ்சினை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமிருந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இது மட்டும்தானா இப்படி என்று நான் கேட்க மாட்டேன். ஒன்றாம் சிலிண்டரில் வரவேண்டிய பொறி நாலில் வந்தது, இரண்டில் வரவேண்டியது மூன்றில் வந்தது. காற்றும் பெட்ரோலும் உள்ளே நுழைய வழி திறந்திருக்கும் நேரம் பார்த்துப் பொறி வந்தால், தீ வந்த வழியே திரும்பத்தானே செய்யும்?

ஒன்றையும் நாலையும் மாற்று. இரண்டையும் மூன்றையும் மாற்று. இரண்டே நிமிட வேலை.

டாக்டரம்மா டிரைவர் சீட்டில் ஏறினார். மாப்பிள்ளை இந்தத் தடவை மிச்சமிருக்கும் புருவத்தை உத்தேசித்து இரண்டடி தள்ளி நின்றார். சாவி திரும்பியது.

எஞ்சின் ஒரு தடவை இருமியது. இரண்டாவது இருமல். அப்புறம் பிடித்துக்கொண்டது.

"ஓடுது! ஏங்க, ஓடுது!"

மாப்பிள்ளை கத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. புகை என்று சொல்லிக்கொண்டார். ஒரு முழ நீள ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முதல் கார்புரேட்டரின் வாயில் பிடித்தார். காற்று உள்ளே போகும் சீறல் கேட்டது. அடுத்த கார்புரேட்டரில் வைத்தார். அங்கே சீறல் கொஞ்சம் குறைவு. திருகை ஒரு நூலளவு திருப்பினார். மறுபடி இதில், மறுபடி அதில். எந்தக் கருவியும் இல்லை, காது மட்டும்தான். குலுங்கிக்கொண்டிருந்த எஞ்சின் ஐந்து நிமிடத்தில் ஒழுங்குக்கு வந்தது. இரண்டு கார்புரேட்டரும் ஒரே மூச்சு விட்டன.

ஜட்ஜய்யா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த டிக் டிக் எங்க?"

"எடுத்துட்டேன் மாமா." இதற்காகத்தானே இத்தனை பாடும்! "வால்வுல தேய்மானம். அதுக்காகத்தான் பிரிச்சேன்."

"இருபத்திரண்டு வருஷமா அந்தச் சத்தம் இருந்துச்சு. அது இருந்தாத்தான் வண்டி ஓடுதுன்னு எனக்குத் தெரியும்."

மாப்பிள்ளையின் முகம் விழுந்தது.

"ஆனா இது நல்லா இருக்கு" என்றார் ஜட்ஜய்யா. "ரொம்ப நல்லா இருக்கு. அதுதான் இப்ப பிரச்சினை."

எழுந்து வந்தார். டாக்டரம்மா அவசரமாக இறங்கி, டிரைவர் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜட்ஜய்யா காரைத் தடவிக்கொண்டே சுற்றிப் போய், மறுபக்கக் கதவைத் திறந்து அங்கே உட்கார்ந்தார்.

"அப்பா, டிரைவர் சீட் இந்தப் பக்கம்."

"தெரியும்மா. எனக்கு இனிமே இந்தப் பக்கம்தான்." முன்கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார். "ஆபரேஷன் பண்ணின கண்ணு தெளியவே இல்ல. ஆறு மாசத்துக்கு முன்னாடி டாக்டர் கையை விரிச்சுட்டார். இனிமே வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டார். என்னைக்குமே."

எஞ்சின் மட்டும் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பி அதை நிறுத்தினார்.

"ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?" டாக்டரம்மாவின் குரல் உடைந்தது. "நானும் ஒரு டாக்டர்தானே?"

"நீ பல் டாக்டர்ம்மா."

"அம்மாவுக்கு?"

"அவளுக்குத் தெரியாது. கண்ணு சரியாயிடுச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா அழுவா. அவ அழுதா எனக்குத் தாங்காது. வண்டிதான் மாப்பிள்ளை வீட்டுல இருக்கே, அதனால டாக்சியில போறேன்னு இத்தனை நாள் ஓட்டிட்டேன்." ஜட்ஜய்யா மெல்ல மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "அப்பவே ஏன் கேக்கலன்னு கேட்டீங்களே. முதல் எட்டு மாசம் நீங்களா சொல்வீங்கன்னு காத்திருந்தேன். அதுக்கப்புறம் நீங்க சொல்லிடக் கூடாதேன்னு காத்திருந்தேன். உங்க பொய்யிலதான் மாப்பிள்ளை என் பொய் குடியிருந்துச்சு."

"அப்ப இன்னைக்கு எதுக்கு மாமா வண்டியை எடுக்க வந்தீங்க?"

"உங்க அத்தை, அவ அக்கா வீட்டுலேருந்து நாளைக்கு ரயில்ல வரா. 'கண்ணுதான் சரியாயிடுச்சே, நம்ம வண்டியிலயே ஸ்டேஷனுக்கு வாங்க'ன்னா. சரின்னுட்டேன். இங்க வருவேன், வண்டி துண்டு துண்டாக் கிடக்கும், மாப்பிள்ளை கெடுத்துட்டார்னு அவகிட்ட சொல்லிடலாம்னு இருந்தேன்."

"என் தலையிலயா!"

"உங்க தலையிலதான்."

"அப்ப தப்பை ஏம்ப்பா கண்டுபிடிச்சுக் குடுத்தீங்க?" என்றார் டாக்டரம்மா. "பேசாம இருந்திருக்கலாமே!"

"ரெண்டு சாட்சி எதிர்ல நின்னா என்னால கேள்வி கேக்காம இருக்க முடியல. நாப்பது வருஷப் பழக்கம்."

டாக்டரம்மாவுக்கு அழுகை பாதி, சிரிப்பு பாதி. பானட்டில் சாய்ந்து இரண்டையும் ஒன்றாகச் செய்தார்.

வண்டி ஓடுகிறது, ஓட்ட வேண்டியவரால் ஓட்ட முடியாது. வேறு யாராவது ஓட்டினால் இருப்பதே இரண்டு சீட், அத்தைக்கு ஒன்று போனால் ஜட்ஜய்யாவுக்கு இடமில்லை. அவர் இல்லாமல் வண்டி மட்டும் போய் நின்றால், அத்தை கேட்கும் முதல் கேள்வி என்னவென்று மூன்று பேருக்கும் தெரியும்.

ஜட்ஜய்யா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, ஒரு பொய்யைக் காப்பாத்த நான் ஆறு மாசத்துலயே திணறிட்டேன். நீங்க பதினாலு மாசம் தாக்குப் பிடிச்சிருக்கீங்க. அதனால உங்களைக் கேக்கறேன். இப்ப என்ன பண்ணலாம், நீங்க சொல்லுங்க."

பன்னிரண்டு வருஷத்தில் மாமனார் அவரிடம் கேட்ட முதல் யோசனை. எதற்கான யோசனை என்று நினைத்தால் வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் மாப்பிள்ளைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கையை நன்றாகத் துடைத்துக்கொண்டார். சுற்றி வந்து மாமனாருக்குப் பக்கத்தில், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

"முதல்ல ரயில் எத்தனை மணிக்குன்னு சொல்லுங்க மாமா" என்றார்.